மலாவிக் கிராமத்துக்கு எச்.ஐ.வி. தடுப்பு வேலைக்குப் போகிறேன், போஸ்டர் அடிப்பதா வேண்டாமா?

கடற்கரைவீதி27:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வெள்ளவத்தை. சுகாதார மேம்பாடு படித்துவிட்டு இரண்டு வருடமாக ஓர் அலுவலகத்தில் எக்செல் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக மலாவிக்குப் பதினொரு மாதம் போக இடம் கிடைத்திருக்கிறது. மங்கோச்சி மாவட்டம், மலாவி ஏரியின் தெற்குப் பக்கம். வேலை என்னவென்று கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: கிராம மட்டத்தில் எச்.ஐ.வி. தடுப்பு விழிப்புணர்வு. மேலதிகமாகக் கேட்டால் "போனதும் விளங்கும்" என்கிறார்கள்.

சும்மா இருக்க முடியாமல் நானே எட்டுப் போஸ்டர், ஒரு துண்டுப்பிரசுரம், நாற்பது நிமிட உரை ஒன்று எல்லாம் தயார்பண்ணிவிட்டேன். வைரஸ் என்றால் என்ன, எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, கொசு கடித்தால் வராது, இப்படி. புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் முற்பணமும் கட்டியாயிற்று. போன கிழமை ஒரு கலியாண வீட்டில் ஆபிரிக்காவில் வேலை செய்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "உனக்குத் தெரிந்ததைவிட அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து நித்திரை இல்லை.

ஆகவே கேட்கிறேன், அங்கே உண்மையில் எது உதவும்? சிச்சேவா மொழி படிக்கச் சொன்னார்கள், யூடியூப்பில் படிக்கிறேன், அது போதுமா? அப்புறம், நான் கலியாணம் ஆகாத பெண், ஆணுறை என்ற சொல்லைப் பெரியப்பா முன்னால் இன்றுவரை சொன்னதில்லை, முன்பின் தெரியாத ஊரில் ஆம்பிளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? கடைசியாக ஒன்று: அம்மா. எனக்கே நோய் வந்துவிடும் என்று தினமும் அழுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

சிவப்புமண்:

தங்கச்சி, முதலில் அந்த அச்சகத்துக்கு ஒரு போன் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை, ஆய்வுகூட ஆள். உகண்டாவில் மூன்று வருடம், மொசாம்பிக்கில் ஒன்றரை வருடம் இருந்தேன், இப்போது கொட்டாஞ்சேனையில் பென்ஷன் இல்லாத ஓய்வு. கலியாண வீட்டில் சிரித்தவர் சிரித்தது பிழை, சொன்னது சரி. உகண்டாவில் ரக்காய் மாவட்டத்தில், விக்டோரியா ஏரிக்கரையில் கசென்செரோ என்று ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது. 1982-இல் அந்த நாட்டில் இந்த நோயை முதலில் கண்டது அங்கேதான். ஆட்கள் காரணம் தெரியாமல் மெலிந்து மெலிந்து செத்ததால் 'ஸ்லிம்' என்று பெயர் வைத்தார்கள், அது லுகாண்டா வாயில் 'சிலீமு' ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தில் நாற்பது தாண்டிய யாரைக் கேட்டாலும் ஓர் அண்ணனை, ஒரு சித்தியை, ஓர் ஆசிரியரைப் புதைத்த கதை இருக்கும். அவர்களிடம் போய் "எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ்" என்று தொடங்கினால் மரியாதைக்காக நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட மோசம் வேறு இல்லை.

பிரசாரம் வேலை செய்த காலமும் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் உகண்டா அரசு 'சீரோ கிரேசிங்' என்று ஒரு வாசகத்தை ஊரூராகக் கொண்டுபோனது. முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் வட்டத்துக்குள்தானே மேயும், அதுபோல உன் வீட்டோடு மேய், பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டாதே என்று அர்த்தம். மாடு வளர்க்கிற ஊருக்கு அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? 1987-இல் நோரின் கலீபா என்ற பெண், கணவர் இந்த நோயில் இறந்த பிறகு, தன்னைப்போன்ற சிலரோடு சேர்ந்து டாசோ என்ற எச்.ஐ.வி. நோயாளர் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். 1989-இல் பிலி லுட்டாயா என்ற பிரபல பாடகர் தனக்கு நோய் இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுப் பாடசாலை, தேவாலயம் என்று ஏறி இறங்கினார். அதே வருடம் டிசம்பரில் இறந்துபோனார். சொன்னது மாட்டுக்காரனின் பேச்சில், சொன்னவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். கொழும்பில் அடித்த போஸ்டருக்கு இந்த இரண்டில் எது இருக்கிறது, சொல்லுங்கள்.

சரி, அப்போ என்னதான் குறை? தூரம். நான் மொசாம்பிக்கில் கண்டது இதுதான். மருந்து இலவசம், ஆனால் அதை எடுக்க ஒரு நாள் நடை, கிளினிக் வாசலில் ஒரு நாள் வரிசை, திரும்ப ஒரு நாள். மாதா மாதம் இப்படி மூன்று நாள் போனால் சோளக் காட்டை யார் பார்ப்பது? ஆறாவது மாதம் ஆளைக் காணவில்லை, புத்தகத்தில் 'தொடர்பு அறுந்தது' என்று எழுதிவிடுவார்கள், ஏதோ அவர் மனம் வெறுத்து ஓடிப்போன மாதிரி.

டெட்டே மாகாணத்தில் 2008-இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அந்த நாட்டுச் சுகாதார ஆட்களும் சேர்ந்து ஒன்று செய்தார்கள். ஒரே ஊரில் மருந்து குடிக்கிறவர்கள் ஆறு பேர் வரை ஒரு குழு. மாதம் ஒருவர் கிளினிக்குப் போய் ஆறு பேருக்கும் மருந்து எடுத்து வருவார், போகிறவர் தன்னையும் சோதித்துக்கொள்வார், அடுத்த மாதம் அடுத்தவர். நம் வீடுகளில் அம்மாமார் சீட்டுப் பிடிப்பார்கள் இல்லையா, அச்சு அசல் அதேதான், காசுக்குப் பதில் மாத்திரை. யார் மருந்தை நிறுத்தினாலும் மற்ற ஐந்து பேருக்கும் முதலில் தெரியும், வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இதற்குப் போஸ்டர் ஒன்றும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கொப்பியும் பேனையும்தான். எங்கள் பதிவுப் புத்தகங்கள் எப்போதும் முடிந்தே இருக்கும், தாதிமார் பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதுவார்கள்.

பரிசோதனை விஷயம் இன்னொன்று. 'எச்.ஐ.வி. பரிசோதனை' என்று பலகை போட்ட கூடாரத்துக்குள் பகலில் யார் நுழைவார்? உகண்டாவிலும் கென்யாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பிரஷர், சீனி, மலேரியா, எச்.ஐ.வி. எல்லாவற்றையும் ஒரே முகாமில் பார்த்தார்கள், திருவிழா மாதிரி. முகாமுக்கு வராதவர்களை வீட்டில் போய்க் கண்டார்கள். ஊரில் வளர்ந்தவர்களில் 89 வீதம் பேர் சோதித்துக்கொண்டார்கள். பிரஷர் பார்க்கப் போனேன் என்று மாமியாருக்குச் சொல்லலாம், அவ்வளவுதான் இரகசியம்.

மங்கோச்சியில் நான் இருந்ததில்லை, ஆனால் அது யாவோ மக்கள் நிறைந்த பகுதி, வீட்டுக்குள் பேசுவது சியாவோ. சிச்சேவா விளங்கும், படித்தது வீண் இல்லை. ஆனால் கிழவிகள் சிரிப்பது சியாவோவில்தான்.

தெமட்டகொடநாநா:

யாவோ என்றால் பெரும்பாலும் நம்மாட்கள் தங்கச்சி, முஸ்லிம்கள். தலையைக் குனிந்து ஒரு சலாம் சொல்லுங்கள், பாதிக் கதவு திறந்துவிடும். பள்ளிவாசல் ஷேக்கைப் போய்ப் பார்க்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். கிராமத் தலைவரையும் அப்படித்தான், சிச்சேவாவில் 'ம்ஃபுமு' என்பார்கள், அவருக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் போட்டால் அது கூட்டம் இல்லை.

இன்னொன்று, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். அங்கே பையன்களுக்கு 'ஜாண்டோ' என்று ஒரு சடங்கு, நம் சுன்னத் மாதிரி. கத்னா, அதாவது விருத்தசேதனம், செய்தவனுக்கு எச்.ஐ.வி. குறைவாகத் தொற்றும் என்பது கட்டுக்கதை இல்லை. தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா மூன்று இடத்திலும் ஆய்வு செய்து ஏறக்குறைய 60 வீதம் குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் 2007-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. சந்தோஷம். ஆனால் அரைகுறையாகக் கேட்டவன் என்ன செய்வான்? "எனக்குத்தான் செய்தாயிற்றே" என்று ஆணுறையைத் தூக்கி எறிவான். 60 வீதம் என்றால் 100 இல்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பாதுகாப்பு பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவதைத்தான் குறைக்கிறது. அவனுக்கு நோய் இருந்தால் அவன் மனைவிக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. இதை ஷேக் வாயால் சொல்ல வைத்தால் நீங்கள் பதினொரு மாதம் பேசுவதை அவர் ஒரு வெள்ளிக்கிழமையில் முடித்துவிடுவார்.

வீண்வேலை_1:

எல்லோரும் பூ போடுகிறீர்கள், நான் கொஞ்சம் கல் போடுகிறேன், மன்னிக்கவும்.

ஜனவரி 2025-இல் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது. 2003-இல் புஷ் காலத்தில் தொடங்கிய பெப்ஃபார் என்ற அமெரிக்க எச்.ஐ.வி. உதவித் திட்டத்தின் பணத்தை நம்பி எத்தனை நாட்டில் எத்தனை கிளினிக். சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஊர்ப் பெண்களை நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னார்கள். இருபது வருடம் கட்டியதன் அடிக்கல் வேறு யாருடைய சட்டைப்பையிலோ இருந்தது. அதற்குள் நீங்கள் பதினொரு மாதம் போய், படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவீர்கள். உங்கள் விமான டிக்கெட் காசுக்கு அங்கே எத்தனை பேருக்கு எத்தனை வருட மருந்து வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் வெறுமனே குத்தவில்லை. நீங்கள் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே சோம்பா மாவட்டம். அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள், 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் மாதம் சில டொலர் காசாகக் கொடுத்தார்கள். உரை இல்லை, போஸ்டர் இல்லை. பதினெட்டு மாதம் கழித்து இரத்தம் பார்த்தால், காசு கிடைத்த பிள்ளைகளில் 1.2 வீதம் பேருக்கு எச்.ஐ.வி., கிடைக்காதவர்களில் 3 வீதம். சவர்க்காரம் வாங்கவும் கொப்பி வாங்கவும் காசுள்ள ஆம்பிளையைத் தேடிப் போக வேண்டிய தேவை குறைந்தது, அவ்வளவுதான். பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை, பிள்ளையிடம் காசு இல்லை. இதற்கு உங்கள் நாற்பது நிமிட உரையில் என்ன பதில்?

கடற்கரைவீதி27:

வீண்வேலை அண்ணா, கோபம் வந்தது, ஆனால் சோம்பா ஆய்வைத் தேடி வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது சரிதான். டிக்கெட் கணக்கையும் போட்டேன், ஒருவருக்கு ஒரு வருட மருந்து இப்போது 45 டொலருக்கும் குறைவாம். பதிலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் டிக்கெட்டை ரத்துச் செய்தால் அந்தக் காசு மருந்தாக மாறாது, அந்த நிறுவனத்தின் அடுத்த ஆளுக்குத்தான் போகும், அவர் ஒருவேளை பன்னிரண்டு போஸ்டரோடு போவார்.

அச்சகத்துக்குப் பேசினேன், "பிளேட் அடித்தாயிற்று மிஸ்" என்கிறார். நாளை நேரில் போகிறேன்.

சிவப்புமண்:

வீண்வேலை சொன்னதில் பாதியை நான் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்வேன். மற்றப் பாதிக்கு ஒரு சின்னத் திருத்தம். அந்த 45 டொலர் தானாக வந்த விலை இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதே மாதிரி மூன்று மருந்துக் கூட்டு வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல். 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா கம்பனி 350 டொலருக்குத் தருகிறேன் என்றதும்தான் ஆட்டம் மாறியது, அதற்குப் பின்னால் தென்னாபிரிக்காவில் தெருவில் இறங்கிக் கத்தியவர்கள் இருந்தார்கள். வீண் என்று அவர்களிடமும் சொன்னவர்கள் உண்டு.

மலாவியில் கிராமத்துக்கென்று அரசாங்கச் சம்பளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், எச்.எஸ்.ஏ. (சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்) என்பார்கள், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு, நடைமுறையில் ஒருவர் தலையில் அதைவிட அதிகம் விழும். தடுப்பூசி, கக்கூஸ், காய்ச்சல், எல்லாம் அவர்தான், சைக்கிளில். வெளிநாட்டுத் திட்டம் மூடினாலும் அவர் அங்கேயேதான் இருப்பார். தங்கச்சி, போனதும் அவரைக் கண்டுபிடித்து அவர் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் போங்கள். அவருக்கு மாத முடிவில் எழுதிக் கொடுக்க வேண்டிய அறிக்கைகள் மலைபோல் இருக்கும். எக்செல் தெரியும் என்றீர்களே, அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கினால் அவர் இன்னும் பத்து வீடு ஏறுவார்.

பழையமிட்வைஃப்:

மகள், நான் ஆபிரிக்காவுக்குப் போனதில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் முப்பத்தொரு வருடம் மிட்வைஃப் ஆக இருந்தேன், இப்போது மகனோடு பம்பலப்பிட்டியில். நீ கேட்ட மூன்றாவது கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, ஆம்பிளைகள் அல்லவா, அதுதான்.

ஆணுறை என்ற சொல் வாயில் வரவில்லை என்றால் அது சொல்லின் பிழை இல்லை, இடத்தின் பிழை. லயத்து வாசலில் நின்று நானும் ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் நின்றால் எடை, தடுப்பூசி, பிள்ளை சாப்பிடுதா, இவ்வளவுதான். உள்ளே போய் அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ வாங்கிக் குடித்து, அந்தப் பிள்ளை மரக்கறி வெட்ட நானும் கூடச் சேர்ந்து வெட்டும்போது, அப்போதுதான் அவளே கேட்பாள், மிஸ் ஒரு விஷயம் கேட்கவா என்று. அவள் கேட்டபிறகு எனக்கு எந்தச் சொல்லும் கூச்சம் இல்லை. கேட்காதவளிடம் நீ சொல்வது போதனை. கேட்டவளிடம் சொல்வதுதான் மருந்து. ஆம்பிளைகளிடம் நீ சொல்லவே தேவையில்லை, அதற்கு அந்த ஊரில் ஓர் ஆம்பிளையைப் பிடி. நான் தோட்டத்தில் கங்காணி ஒருவரைப் பிடித்தேன், ஆரம்பத்தில் சிரித்தார், பிறகு பெட்டிப் பெட்டியாக வாங்கிப் போனார், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். எந்த வீட்டுக்குப் போகிறாய் என்பதை ஊர் எண்ணிக்கொண்டிருக்கும். நோய் உள்ளவர்கள் வீட்டுக்கு மட்டும் போனால், நீ வாயே திறக்கவில்லை என்றாலும் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. அதனால் எல்லா வீட்டுக்கும் போ. ஒன்றும் இல்லாத வீட்டிலும் பத்து நிமிடம் உட்கார். எங்கள் காலத்தில் ஒரு புது மிஸ் காசநோய்க்காரர் வீட்டுக்கு மட்டும் கையில் சிவப்புப் பைலோடு போய்வந்தார். இரண்டு கிழமையில் அந்த வீட்டுப் பெண்ணின் கலியாணம் நின்றுபோயிற்று. அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பைலை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நிறமுள்ள பை, நிறுவனத்தின் பெயர் போட்ட டீசேர்ட், ஸ்டிக்கர் ஒட்டிய ஜீப், ஒன்றும் வேண்டாம். ஜீப்பை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்.

நம் நாடு 2019-இல் தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது, பேப்பரில் பெரிய ஆட்களின் படங்கள் வந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரியை ஒவ்வொருவராகக் கிளினிக்குக் கூட்டிவந்து இரத்தம் எடுக்க வைத்தது யார் என்று படத்தில் இல்லை. பரவாயில்லை. ஆனால் நம் நாட்டில் நோய் குறைவு, கிளினிக் கிட்ட, ரோட்டும் இருக்கிறது. அதை வைத்து அங்கே உள்ளவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகாதே.

இரவுப்பணி:

நைட் டியூட்டியில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். மலாவியில் இரண்டு வருடம் வேலை செய்த வைத்தியர், இப்போது கொழும்பில்.

மிட்வைஃப் அன்ரி சொன்ன தாய்-பிள்ளை விஷயத்தில் மலாவிதான் உலகத்துக்கே வழி காட்டியது, இது இங்கே பலருக்குத் தெரியாது. 2011-க்கு முன் கர்ப்பிணிக்கு வாழ்நாள் மருந்து தொடங்குவதா இல்லையா என்று முடிவெடுக்க இரத்தத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கிராமத்தில் அந்த மெஷின் இல்லை. மெஷின் வரும்வரை காத்திருப்பதற்குப் பதிலாக, சோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கிற எல்லாத் தாய்மாருக்கும் எண்ணாமலே வாழ்நாள் மருந்து என்று முடிவெடுத்தார்கள். 2011 இரண்டாம் காலாண்டில் மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளும் பால்கொடுக்கும் தாய்மாரும் 1,257 பேர், 2012 மூன்றாம் காலாண்டில் 10,663 பேர். பணக்கார நாடு ஒன்றும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இல்லாமையிலிருந்து வந்த யோசனை, பிறகு உலகமே எடுத்துக்கொண்டது.

நீங்கள் ஊரில் சொல்ல ஒரு செய்தி மட்டும் வேண்டுமென்றால் இதை எடுத்துப் போங்கள்: ஒழுங்காக மருந்து குடித்து இரத்தத்தில் வைரஸ் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவில் துணைக்குப் பரவாது. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்து 2011-இல் முடிவு வெளியான ஆய்வில், சீக்கிரமாக மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைந்தது, பிறகு வந்த ஆய்வுகள் அதை இன்னும் உறுதியாக்கின. கொசு கடித்தால் வராது என்பது அங்கே பழைய செய்தி. இது பலருக்கு இன்னும் புதுசு. நான் ஒரு மீனவரிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் இதைச் சொன்னபோது அவர் மூன்று தடவை திரும்பக் கேட்டார், பிறகு மனைவியைக் கூட்டிவந்து, இவளுக்கும் சொல் என்றார். புதிதாக லெனகபவிர் என்று ஒரு தடுப்பு ஊசி வந்திருக்கிறது, வருடத்துக்கு இரண்டே தடவை. 2024-இல் வெளியான தென்னாபிரிக்கா, உகண்டா ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. உங்கள் கிராமத்துக்கு வந்துசேர்ந்திருந்தால் நல்லது, வராத ஊசியை மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு: கூடச் சாப்பிடுவதால், கை கொடுப்பதால், ஒரே வீட்டில் படுப்பதால் வராது, அது அவருக்கும் தெரிந்திருக்கும். நோயுள்ளவருக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்தினாலே ஆயிரத்தில் மூன்று தடவைதான் தொற்றும். அப்படிக் குத்தினாலும் 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் குடிக்கலாம், சீக்கிரம் தொடங்கத் தொடங்க நல்லது. நீங்கள் ஊசியே தொடப் போவதில்லை. அம்மா அழ வேண்டுமானால் மலேரியாவுக்கும் மினிபஸ் விபத்துக்கும் அழட்டும், நான் சீரியஸாகத்தான் சொல்கிறேன். நம் நாட்டில் 2016-இல் மலேரியா இல்லையென்று சான்றிதழ் வாங்கியாயிற்று, நம் உடம்புக்கு அது பழக்கமே இல்லை. நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடை இயக்கத்துக்குப் போனால் பயணத்துக்கு முன் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தருவார்கள். நுளம்பு வலை கட்டாயம். திரும்பி வந்தபிறகு காய்ச்சல் வந்தால் டெங்கு என்று பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல், ஆபிரிக்காவில் இருந்து வந்தேன் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

அந்த ஏரி பார்க்கக் கண்ணைப் பறிக்கும், கரையோரம் இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தையிலிருந்து வருகிற பில்ஹார்சியாப் புழு தோல் வழியாகவே ஏறும். பெண்களுக்கு அது கர்ப்பப்பை வாயில் புண்ணாக்கினால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தையும் கூட்டலாம் என்று பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் அள்ளுகிற, துணி துவைக்கிற பெண்களுக்கு வெள்ளைபடுதல் என்று வந்தால் அதைப் பால்வினை நோய் என்று ஒரேயடியாக முத்திரை குத்திவிடுவார்கள். சில சமயம் அது வெறும் ஏரித் தண்ணீர்தான். எச்.எஸ்.ஏ.யிடம் இதைப் பற்றிக் கதையுங்கள்.

வீண்வேலை_1:

சரி, இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர எல்லோரும் உருப்படியாக எழுதியிருக்கிறீர்கள். பேஸ்புக் படம் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

கடற்கரைவீதி27:

படம் போட மாட்டேன் அண்ணா, சத்தியமாக. அம்மாவிடம் ஆயிரத்தில் மூன்று என்பதைச் சொன்னேன். "அந்த மூன்றில் நீ இருந்தால்?" என்றார். பிறகு நாநா சொன்ன ஷேக், சலாம் கதையைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானமாகிவிட்டார், ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மினிபஸ் பற்றி வாயே திறக்கவில்லை.

மிட்வைஃப் அன்ரி, நீங்கள் பம்பலப்பிட்டியில்தானே, ஒரு நாள் பின்னேரம் வரலாமா? மரக்கறி வெட்டத் தருவீர்கள் என்றால் வருகிறேன்.

அச்சகத்துக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டாராம். அரை மணித்தியாலம் சண்டை பிடித்துவிட்டு, அந்தக் காசுக்குக் கோடு போட்ட பதிவுப் புத்தகம் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன், தடித்த அட்டை, பெயர் ஒன்றும் இல்லாமல், நாற்பது. சிவப்புமண் அண்ணா, அந்த மருந்துக் குழுவுக்கு எத்தனை நிரல் வேண்டும், என்னென்ன தலைப்பு என்று சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

சிவப்புமண்:

நிரலை நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், அங்கே போய் அந்த எச்.எஸ்.ஏ. எப்படி எழுதுகிறார் என்று பார்க்கும்வரை காத்திருங்கள். வெறும் கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். அட்டை என்ன நிறம் என்று கேட்டால், சிவப்பு மட்டும் வேண்டாம்.